பன்னிரண்டு பத்து எர்த் ஃபால்ட்

தலைக்கு மேலே மின்கம்பியின் இரைச்சல் சட்டென்று நின்றது. சிவப்ரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பகல் பன்னிரண்டு பத்து. மூன்று வாரமாகத் தினமும் இதே நேரம்தான்.

மண்டபத்தூர் சவுக்குத் தோப்புக்குள் அவள் தனியாக நின்றாள். லைன்மேன் சிலம்பரசன் வெளியிலேயே பைக்கை நிறுத்திவிட்டான். "நீங்க போங்க மேடம். இது நிலவன் வர்ற நேரம்."

போன மாசியில் இங்கே உயர் அழுத்தக் கம்பி அறுந்து காய்ந்த மணலில் விழுந்தது. மின்சாரம் மண்ணில் இறங்கும் எர்த் ஃபால்ட் வந்தால் உடனே லைனை நிறுத்த வேண்டிய ரிலே, அன்று அசையவே இல்லை. வலையோடு வந்த நிலவன் மிதித்துவிட்டான். இருபத்துநான்கு வயது.

இப்போது அதே ரிலே தினமும் விழுந்து லைனை நிறுத்துகிறதாம். நிலவன்தான் வந்து கம்பியைத் தொடுகிறான் என்கிறது ஊர். புதிதாக வந்த இளநிலைப் பொறியாளர் சிவப்ரியாவோ, எங்கோ கிளை உரசுகிறது என்று கம்பம் கம்பமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். பகல் ஷிஃப்டில் எப்போதும்போல ஆபரேட்டர் சுப்பையன்.

"எர்த் ஃபால்ட்தானாண்ணே?"

"ஆமா மேடம்."

"ரிலேல செவப்பு லைட்ட அணைச்சிடாதீங்க. நான் வந்து பாக்குறேன்."

"அணைச்சுட்டேனே மேடம்."

போனை வைத்துத் திரும்பியவள் ஓரடி பின்வாங்கினாள். பத்தடி தள்ளி, மணலில் வெறுங்காலுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். கையிலிருந்த இலையில் சோற்றிலும் மீன் குழம்பிலும் ஆவி பறந்தது. நிலவனின் அம்மா காசியம்மா.

"இங்க நிக்காதீங்கம்மா, ஆபத்து."

காசியம்மா கம்பியைக் காட்டிச் சிரித்தாள். "சத்தம் நின்னுச்சு பாரு. எம்புள்ள வந்துட்டான்."

இலையை மணலில் வைத்து, யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் சோற்றைப் பிசைந்துவிட்டாள். சிவப்ரியாவுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தாள்.

சப்ஸ்டேஷனில் சுப்பையனைத் தாண்டி நேராக ரிலேயிடம் போனாள். விழுந்ததைக் காட்டும் லைட்டை அணைத்தாலும் உள்ளே பதிவு இருக்கும். சின்னத் திரையைத் தட்டத் தட்ட அவள் முகம் மாறியது.

"மூணு வாரத்துல ஒரு ஃபால்ட்கூட பதிவாகலயேண்ணே! ரிலே விழவே இல்ல. பின்ன லைன் எப்படி நிக்குது?"

 சுப்பையன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்குக் கம்பி அறுந்து கெடக்குன்னு காசியம்மா எனக்குத்தான் போன் பண்ணிச்சு. ரிலே விழல, அறுந்திருக்காது, போங்கன்னுட்டேன்."

லைனை நிறுத்தும் ஸ்விட்சைக் காட்டினார்.

"அதான், மூணு வாரமா தெனம் இந்த நேரத்துக்கு அது சோத்தோட வந்து வெறுங்காலோட அங்க நிக்கிற பத்து நிமிசமும் கரண்ட்ட நாந்தான் மேடம் நிறுத்துறேன்."