முழங்கால் உயரத்து ஓட்டை

"மண்டி போட்டுப் பாருங்க ஐயா. நின்னா ஒண்ணும் தெரியாது," என்றார் பெட்டிஃபர்.

திருமண்டலத்திலிருந்து வந்திருந்த குருவானவர் ஸ்டாண்டிஷ், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். தேவாலயத்தின் வடக்குச் சுவரில், ஓர் ஆரஞ்சுப் பழம் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை.

ஆல்டர்ஸ்விக் தேவாலயத்தைப் பற்றி பெட்டிஃபர் அறுபத்து நாலு பக்கத்தில் புத்தகம் எழுதியிருந்தார். நார்மன் காலத்து வளைவுக்கு இரண்டு பக்கம், மணிக்கூண்டுக்கு ஒரு பக்கம், கடவுளுக்கு நன்றியுரையில் ஒரு வரி. மிச்சமெல்லாம் இந்த ஓட்டைக்குத்தான். ஞாயிறுதோறும் அதன் விளிம்பை முத்தமிடாமல் அவர் வீடு திரும்பியதில்லை.

"தொழுநோயாளிகளை உள்ளே விடாத காலம். வெளியில மண்டியிட்டு இது வழியாத்தான் பூசையைப் பார்த்தாங்க. எண்ணூறு வருஷம் ஆச்சு."

"எனக்குத் தூண்தான் தெரியுது. பலிபீடத்தைக் காணோமே?"

"அவங்க விசுவாசம் நமக்கு ஏது ஐயா?"

"வெளிப்பக்கமா சரிஞ்சிருக்கே, அது ஏன்?"

"மழைத்தண்ணி உள்ளே வராம இருக்க. அந்தக் காலத்துக் கொத்தனாருக்குத் தெரியாததா?"

பின்னால் பித்தளை விளக்குத் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்த எனிட்டுக்கு இருமல் வந்தது. எழுபத்தெட்டு வயது. இந்த விளக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு இருமல் வரும்.

"ஓட்டை கிடக்கட்டும்," என்றாள். "கழிப்பறைக்கு என்ன வழி? மழையில கல்லறைங்களைத் தாண்டி மதுக்கடைக்கு ஓட வேண்டியிருக்கு. போன வாரம் பிரசங்கத்துக்கு நடுவுல போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வரவே இல்ல."

இருபது வருடமாக ஊர் கேட்கிறது. குழாய் போக இந்தச் சுவரை விட்டால் வேறு இடமில்லை. இருபது வருடமாக பெட்டிஃபரும் விடவில்லை. இன்று குருவானவர் முடிவு சொல்லியாக வேண்டும்.

"எண்ணூறு வருஷமா இல்லாதது இப்ப எதுக்கு?" என்றார் பெட்டிஃபர்.

"உங்க வீடு எதிர்லயே இருக்கு. கேக்க மாட்டீங்களா பின்ன?"

ஸ்டாண்டிஷ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "சட்டம் கறாரா இருக்கும்மா. பழைய கோயில்ல புதுசா ஒரு ஆணி அடிக்கக்கூட ஆயிரம் கேள்வி. ஆனா, முன்னால இருந்ததைத் திரும்பக் கொண்டுவர்றதுன்னா நானே அனுமதி தந்துடலாம்."

பெட்டிஃபர் இதற்காகவே காத்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பிரசங்க மேடைக் குரலில் படித்தார்: "இந்தத் துவாரம் ஆதியில் எதற்காக வெட்டப்பட்டதோ, அதே பயன்பாட்டுக்கு மீண்டும் கொண்டுவரப்படும். வேறு எதற்காகவும் இச்சுவரைத் தொடலாகாது."

இனி ஆண்டுத் திருநாளில் ஊரே வெளியில் மண்டியிடும். அவர் நின்று விளக்குவார். கனவு கண்ணுக்குள் வந்து போனது.

ஸ்டாண்டிஷ் கையெழுத்துப் போட்டார். வெற்றி பெற்றவருக்கே உரிய பெருந்தன்மையோடு பெட்டிஃபர் திரும்பினார். "எனிட், நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போடலாமே."

அவள் இரண்டு முறை படித்துவிட்டு, அழகாகப் போட்டாள். சண்டையில்லை, முணுமுணுப்பில்லை. பெட்டிஃபருக்கே பாவமாக இருந்தது.

பிறகு அவள் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். "போன வாரந்தான் பரண்ல கிடைச்சுது. இந்த ஓட்டையை வெட்டினவரோட படம். அடுத்த பதிப்புல போட்டுக்குங்க."

படத்தில், கையில் உளியோடு எனிட்டின் அப்பா. பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுக் கழிப்பறைப் பீங்கான், அதிலிருந்து கிளம்பி அதே ஓட்டைக்குள் போகும் குழாய். கீழே, 'மே 1958'.

"அனுமதி வாங்காம வெச்சுட்டாருன்னு அப்பவே பிடுங்க வெச்சுட்டாங்க," என்றாள் எனிட், தாளைப் பத்திரமாக மடித்தபடி. "இப்பத்தான் நீங்களே வாங்கிக் கொடுத்துட்டீங்களே."