நேரம் தவறாத விமானம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், பூமாலை கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு விமானத்தைச் சென்னையிலிருந்து கிளப்பினார். பக்கத்திலேயே, கிளம்பும் முறைகளை அச்சடித்த தாள்.

"கரெக்டா அஞ்சு மணிக்குக் கிளம்பியாச்சு. மூவாயிரம் அடி ஏறினப்புறந்தான் வலது பக்கம் திரும்பணும்" என்றார்.

"விளையாட்டுக்கு எதுக்கு சார் இவ்வளவு கண்டிப்பு?" என்றாள், கடையைப் பார்த்துக்கொள்ளும் பிரவீணா.

"விளையாட்டா? நூத்தம்பது பேரு என்னை நம்பி உக்காந்திருக்காங்கம்மா!"

பைலட் பரீட்சைக்குப் படிக்கிறவர் போலிருக்கிறது என்று அவளுக்கு மரியாதை கூடியது.

கதவைத் தள்ளிக்கொண்டு கண்டக்டர் ஒருவர் ஓடிவந்தார்.

"அண்ணே, அரியலூர் பஸ்ஸை எடுக்கவேண்டிய நேரம் தாண்டி அரை மணி ஆச்சு. டிரைவர் எங்கன்னு சனங்க கத்துறாங்க!"

பூமாலை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நடுவானத்துல இருக்கேன்ல? அவங்களை வேற பஸ் பிடிக்கச் சொல்லு!"