பார்க்கிங் கோடுகள்

பெரிய கான்ட்ராக்டர் மூச்சு வாங்க எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது மணி நாலேகால்.

நான் பெயின்ட் ரோலர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு கவரையும் ஒரு தாளையும் நீட்டினார். கவரில் என் பாக்கி முழுவதும் இருந்தது. தாளில் என் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

“சட்டுனு ஒரு சைன் போடும்மா. அஞ்சு மணிக்கு ஓனர் ஆபீஸை மூடிடுவாங்க.”

அவர் கட்டிய வணிக வளாகத்தில் கார் நிறுத்தும் தளத்துக்குக் கோடு போட்டவள் நான். வேலை தொடங்கிய அன்றே ஓனருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். இன்ன வேலை செய்கிறேன், எனக்குச் சேர வேண்டியது சேரும்வரை இந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு உரிமை உண்டு என்று.

கோடு போடுகிறவளுக்கு நோட்டீஸ் ஒரு கேடா என்று சைட்டில் எல்லார் முன்னாலும் சிரித்தார். பிறகு வழக்கம்போல இழுத்தடித்தார்.

இப்போது சிரிப்பில்லை. நோட்டீஸ் அனுப்பியவர்கள் அத்தனை பேரும் ‘பணம் வந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுக்காமல் ஓனர் கடைசித் தவணையை விடமாட்டார். கணக்கை முடித்துக் கட்டடத்தை ஒப்படைக்க இன்றோடு கெடு. தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். ஐந்தே நாளில் அவர் லாபம் மொத்தமும் கரைந்துவிடும்.

மற்ற பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

நான் யாருடைய மனைவி என்று இவருக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இவரிடம் பதினோரு மாடி ஆஸ்பத்திரிக்குப் பெயின்ட் அடித்தது என் வீட்டுக்காரர். பழகின மனுஷனுக்குப் போய் நோட்டீஸா என்று கூச்சப்பட்டே நாளைக் கடத்தினார். சட்டப்படி வேலை தொடங்கி இருபது நாளுக்குள் அனுப்ப வேண்டும். அவர் அனுப்பியது இருபத்து மூன்றாம் நாள்.

செல்லாது என்று இவர் வக்கீல் வைத்து நிரூபித்தார். ஒரு பைசா வரவில்லை. ஆட்களுக்குக் கூலி கொடுக்க வண்டியை விற்றோம், பிறகு வீட்டை. இன்று என் வீட்டுக்காரர் யாருடைய கடையிலோ கலர் கலந்துகொண்டிருக்கிறார்.

கவரை வாங்கிக்கொண்டேன். தாளை நாலாக மடித்தேன்.

“பணம் வந்துடுச்சு சார். கையெழுத்துக்குச் சட்டத்துல எனக்கு அஞ்சு நாள் இருக்கு. நிதானமா போட்டுத் தரேன்.”

கத்தினார். இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். மூன்று மடங்கு என்றார். கடைசியில் குரல் இறங்கி, உனக்கும் எனக்கும் அப்படி என்னம்மா பகை என்று கேட்டார்.

“அந்தப் பதினோரு மாடி ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் அனுப்ப எங்க வீட்டுக்காரரு மூணே மூணு நாள்தான் சார் லேட்டு.”

புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாளி ஈரம் என்று நான் சொல்லவில்லை.

மணி ஐந்தைத் தாண்டியபின், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கவரை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குக் கிளம்பினேன். இந்த வேலைக்குப் பெயின்ட் வாங்கிய கடன் பாதிகூட அடையாது.

அது தெரிந்தேதான், மற்றவர்கள் கேட்டதில் பாதி விலை சொல்லி அந்த வேலையைப் பிடித்தேன். அவர் எழுப்பும் கட்டடத்துக்கு நோட்டீஸ் அனுப்ப எனக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.