நாற்பத்தெட்டு பாட்டில் மாம்பழ ஜூஸ்

"என் கண்ணால பாத்தேன் மேகலை. ஒவ்வொரு பாட்டிலாத் திறக்குறா, சாக்கடையில ஊத்துறா. ஊத்திட்டு வெறும் பாட்டிலைக் காலால மிதிச்சு நசுக்குறா!"

பாலக்கரையில் கடை திறக்கப் போன வீரமலை, பாதி வழியில் வண்டியை நிறுத்திப் பெண்டாட்டிக்குப் போனில் சொன்ன சேதி இது.

"யாருங்க? நம்ம வீட்டுல வேலை செய்ற சகாயம்மாளா?"

"அவளேதான். தெருப் புள்ளைங்க எச்சில் முழுங்கிக்கிட்டு சுத்தி நிக்குதுங்க. ஒரு வாய் கொடுக்கல. விரட்டுறா."

மணிமேகலைக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. ஏறாதா பின்னே? முந்தின நாள் சாயங்காலம்தான் ரெண்டு பெட்டி மாம்பழ ஜூஸை, ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்கு ஆட்டோ வைத்து அனுப்பியிருந்தாள். பெட்டிக்கு இருபத்துநாலு பாட்டில். சகாயம்மாளின் மகள் பெலிண்டா ஏழு மாசக் கர்ப்பம், தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

பெட்டிகளோடு சகாயம்மாளை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்து, 'ஏழைக் கர்ப்பிணிக்கு எளியேனின் சிறு காணிக்கை' என்று எழுதி, மகளிர் மன்றத்து வாட்ஸப்பிலும் போட்டாயிற்று. தூங்கப் போவதற்குள் அறுபது கும்பிடு, நாற்பது பூங்கொத்து.

அந்தப் பூங்கொத்தின் மிச்சமாகத்தான் மன்றத் தலைவி பொன்னுத்தாய், இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, சால்வையும் கையுமாக இப்போது ஹாலில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் ஏதாவது பெருமையாகச் சொல்வார் என்று மணிமேகலை போனை ஸ்பீக்கரில் வேறு போட்டுத் தொலைத்திருந்தாள்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கிறவங்களைப் பாத்திருக்கேன்," என்றாள் பொன்னுத்தாய். "இவ மாட்டையே மிதிக்கிறாளே!"

"வரட்டும். இன்னியோட அவளுக்கு இந்த வீட்டுல வேலை கிடையாது. நீங்களே இருந்து பாத்துட்டுப் போங்கக்கா."

பத்து மணிக்கு சகாயம்மாள் வந்தாள். சேலை ஓரமெல்லாம் மஞ்சள் கறை. காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள்.

"அங்கேயே நில்லு! ஜூஸை என்ன பண்ணின?"

"ஒழிச்சுக் கட்டிட்டேம்மா," என்றாள் சகாயம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக. "ஒண்ணு பாக்கி இல்ல."

"பாருங்கக்கா, பல்லை வேற காட்டுறா! ஏண்டி, சின்னப் புள்ளைங்க கேட்டும் கொடுக்கலையாமே?"

"அதுங்களுக்குக் கொடுக்கிறதா? நல்லாச் சொன்னீங்க. வெறும் பாட்டிலைக்கூட விட்டு வைக்கலம்மா. அப்படியே விட்டா எடுத்துட்டுப் போயி தண்ணி புடிச்சுக் குடிக்குங்க. அதான் மிதிச்சுப் போட்டேன். நாப்பத்தெட்டு பாட்டில்... குதிகால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

"அடிப்பாவி! மாசமா இருக்கிற உம்மவ வாய்க்கு ருசியாக் குடிக்கட்டும்னுதானேடி ஆட்டோ வச்சு அனுப்பினேன்?"

சகாயம்மாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"பெலிண்டா குடிக்கவா?"

"பின்னே? போட்டோ எடுத்தேனே, அது எதுக்குன்னு நெனச்ச?"

"கார்ப்பரேஷன்ல குப்பை அள்ளினா போட்டோ புடிச்சு அனுப்புறாங்களேம்மா... அது மாதிரி ஆதாரத்துக்குன்னு நெனச்சேன்."

வந்தவர்களில் ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள்.

"குப்பையா? பெட்டி பிரிக்காத ஜூஸுடி அது! விவரம் கெட்டவளே!"

"எனக்கு என்னம்மா விவரம் தெரியும்? நீங்க சொன்னதுதான். வியாழக்கிழமை மருமகப் பொண்ணை டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்து, உங்க தங்கச்சிகிட்ட போன்ல பேசினீங்கல்ல? நான் தரை தொடச்சுக்கிட்டு இருந்தேன். பிளாஸ்டிக்கை இளக்குறதுக்கு என்னமோ கெமிக்கல் சேக்குறாங்களாம். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில ரெண்டு மாசமா கோடை வெயில்ல வெந்த பாட்டிலாச்சே, அதெல்லாம் ஜூஸுல இறங்கியிருக்குமாம். நாலு மாசப் புள்ளத்தாச்சிக்கு அது ஆகவே ஆகாதுன்னு சொன்னீங்க. 'விஷத்தை விலை கொடுத்து வாங்கி வச்சிருக்கேன்டி'ன்னு அழுதீங்க. மறுநாளே, 'சகாயம், ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டுப் போயிடு'ன்னு என்னைக் கூப்பிட்டுச் சொன்னீங்க. இவ்வளவு பேர் இருக்க, நம்மளை நம்பி ஒரு வேலையைச் சொல்றாங்களேன்னு, விடியக்காலம் எந்திரிச்சு..."

அறை வாசலில் வந்து நின்ற மருமகள், மாமியார் முகத்தைப் பார்க்காமல் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பொன்னுத்தாய் மடியில் இருந்த சால்வையை மெதுவாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"அது... அப்படி இல்லக்கா," என்று மணிமேகலை தலைவியைப் பார்த்துத் திணறினாள். "இவங்கள்லாம் உழைச்சு உரம் ஏறின உடம்பு. கஞ்சியோ ஜூஸோ, எது குடிச்சாலும் இவங்களை ஒண்ணும் பண்ணாதுன்னுதான்..."

சகாயம்மாள் பதறிப்போய் நடுவில் வந்தாள்.

"நீங்க யாரும் தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஏதோ கோவத்துல வாய் தவறிப் பேசுறாங்க. எட்டு வருஷமா நான் பாக்குறேனே, மருமகளுக்கு விஷம்னு தெரிஞ்சதை எம்மவளுக்குக் கொடுத்து அனுப்புற ஆளா எங்கம்மா?"