மணிக்கோபுரத்துக் கயிறு

வில்லியனூர் லூர்து மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஆலய வாசலில் அவள் ஷூ இருந்தது.

அவள் இல்லை.

சுவரோரமாக, ஜோடி பிரியாமல், கழற்றி வைத்திருந்தாள். கோயிலுக்குள் காலணியோடு போகிற பழக்கம் என் மனைவி அமலோற்பவத்துக்குப் புதுச்சேரியிலும் இல்லை, பிரான்சிலும் இல்லை. இடிந்த கோயிலாக இருந்தாலும் சரி.

பாரிசில் இருக்கும் மகள்தான், மலை பாருங்கள் என்று எங்களை அந்த ஊருக்கு ரயிலேற்றிவிட்டிருந்தாள். ஊர்ப் பெயர் உங்கள் வாயில் நுழையாது. என் வாயிலும் நுழையவில்லை.

உச்சியில் அந்த ஆலயம். கூரை போய்விட்டது. பின்சுவரும் போய்விட்டது. ஜெபம் செய்கிறேன் என்று முன்வாசலில் நுழைந்தவள், பின்பக்கமாக மலைக்குள் நடந்துவிட்டிருக்கிறாள். நான் காப்பி குடிக்கக் கீழே போயிருந்தேன்.

அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது.

நம் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கைத்தடியை நீட்டினால் அதன் நுனியைத் திரும்பப் பார்ப்போமா என்று சந்தேகம் வரும். காலையில் கண்ணெதிரே நின்ற அருவி, பாதி இடிந்த கோட்டை, ரோமர்கள் போட்ட கல்பாதை, அவர்களுக்கும் முந்தியவர்கள் நட்டுவைத்த நெடுங்கற்கள், எல்லாம் போயிற்று.

கூப்பிட்டேன்.

என் குரல் இரண்டடி போய் நின்றுவிட்டது. நின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

ஷூவை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இறங்கினேன்.

காப்பிக்கடை ஒதெத் அம்மாள் என்னைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். மீட்புக்காரர்களுக்கு போன் போட்டாள். இந்தப் பனியில் அவர்கள் வந்து சேர நேரமாகுமாம். நான் திரும்ப ஏறுகிறேன் என்றேன். கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏறினால் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும் என்றாள்.

ஊர் மணிக்கோபுரத்துக்குக் கூட்டிப்போனாள்.

பனி இறங்கினால் அங்கே மணி அடிப்பார்கள். வழி தவறியவர் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருவார். யாருடைய ஆள் மலையில் இருக்கிறாரோ அவர்தான் கயிற்றைத் தொட வேண்டும். அடுத்தவர் தொட்டால் ஆகாது. ஊர் வழக்கம் என்றாள்.

கயிறு என் மணிக்கட்டுத் தடிமன். மேலே இருட்டுக்குள் போனது.

"இழுங்கள், முசியே. நிறுத்தாமல் இழுங்கள்."

இழுத்தேன்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நேர் கீழே நிற்பவருக்குக் கேட்காது என்றாள் ஒதெத் அம்மாள்.

அவ்வளவு பெரிய மணி.

முதலில் ஆடுகள் வந்தன. அவற்றுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அடுத்து ஓர் உப்பு வியாபாரி, கழுதையோடு. மீசை உறைந்திருந்தது. சந்தை முடிந்துவிட்டதா என்று கேட்டான். முடிந்து ரொம்ப நாளாயிற்று என்றேன். கழுதை பெருமூச்சு விட்டது.

பிறகு ஈட்டியோடு ஒரு கோட்டைக் காவலன். கோட்டை இன்னும் நிற்கிறதா என்றான். பாதி என்றேன். அவன் காவல் காத்த பாதி எது என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு ரோமப் படைவீரன். லத்தீனில் ஏதோ விசாரித்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய பூசை லத்தீன்தான். 'எத் கும் ஸ்பிரித்து தூவோ', உமது ஆன்மாவோடும் இருப்பாராக என்றேன். நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டுப் போனான்.

கடைசியாக, தோல் உடுத்த ஒருவன். நெடுங்கல்லைத் தொடுகிறவன்போல் கோபுரச் சுவரைத் தொட்டான். அண்ணாந்து மேலே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

காலங்காலமாக அந்த மலை வாங்கி வைத்துக்கொண்டவர்கள். ஒருவர் பின் ஒருவராக என்னைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு ஜன்னலாக. பனி முழுவதும் மஞ்சளாயிற்று.

கயிற்றை விடாமலே மண்டியிட்டேன்.

எல்லாரும் வந்துவிட்டார்கள்.

அவள் வரவில்லை.

உள்ளங்கைத் தோல் உரிந்தது. இழுத்தேன். வேண்டுமானால் ரோமனைத் திருப்பி எடுத்துக்கொள், இவளைக் கொடு என்று மாதாவிடம் பேரம் பேசினேன்.

இழுத்தேன்.

மஞ்சளுக்குள் ஏதோ அசைந்தது.

வெறுங்கால். கம்பளிக் கோட்டுக்குக் கீழே ஈரச் சேலை. கால்விரல்களில் புல்.

நேராக, என் காலடியில் இருந்த ஷூவிடம் வந்தாள். ஒன்றை மாட்டிக்கொண்டாள். மற்றதை மாட்ட என் தோளைப் பிடித்தாள். யாரோ நடுங்கினோம். அவளா நானா என்று தெரியவில்லை.

"மணி அடிச்சது நீங்கதானே? தாளமே இல்ல."

என்ன சொல்கிறாள் என்று ஒதெத் அம்மாள் கேட்டாள். பிரெஞ்சில் சொன்னேன்.

ஒதெத் அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மலையேறிவிடாமல் இருக்கத்தான் கயிற்றைக் கையில் கொடுத்தாளாம்.

அந்தக் கோபுரத்தில் மணி இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே, ஏதோ ஒரு போருக்காக, இறக்கிக்கொண்டுபோய்ப் பீரங்கி வார்த்துவிட்டார்கள்.