எவன் கேக்கறான்?

"அழணும். ஆனா மூக்கைச் சிந்தற அளவுக்குப் போகக் கூடாது. ரேடியோவுல அது நாராசமாக் கேக்கும்" என்று தங்கைக்குத் தொலைபேசியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் முதலாளி.

"கவலையை விடுண்ணா. அத்தை, அத்தை பொண்ணு, சித்தப்பா எல்லாரும் என் வீட்டு ஹால்லதான் உக்காந்திருக்காங்க. ஆளுக்கொரு போன். நீ ஆரம்பி, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூப்பிடறோம்."

"உன் புருஷனை மட்டும் ஜோக்கடிக்க வேண்டாம்னு சொல்லு."

நகரத்தின் பழைய பண்பலை நிலையம் அன்று கைமாறவிருந்தது. வாங்க வருகிறவர் புள்ளிவிவரங்களை நம்பாத மனிதர். "ஸ்டுடியோவுல கொஞ்ச நேரம் உக்காருவேன். நேயர்கள் கூப்பிடட்டும். காதால கேட்டாத்தான் கையெழுத்து" என்று சொல்லிவிட்டார்.

முதலாளிக்குத் தெரிந்து கூப்பிட ஒரு நாதியும் கிடையாது. நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சியைத் தண்டச் செலவு என்று அவரேதான் நிறுத்தியிருந்தார். அதன் பிறகு, ஒருத்தரும் கூப்பிடுவதில்லையே என்று அவரேதான் குறைபட்டுக்கொண்டும் இருந்தார்.

அப்பா நடத்தியபோது அது செய்தி நிலையம். அப்பா கண்ணை மூடியதும் மகன் சினிமாப் பாட்டுக்கு மாற்றினார். அலுத்தபோது பக்திக்கு மாற்றினார். பக்தி அவருக்கே கைகொடுக்காததால் காதல் ஆலோசனை வந்தது. அடுத்துப் பங்குச் சந்தை. சந்தை கவிழ்ந்த வாரத்தில் நிலையம் முழுநேர நகைச்சுவைக்குத் தாவியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "எவன் கேக்கறான்?"

அத்தனை அவதாரங்களுக்கும் ஒரே அறிவிப்பாளர், நிலையத்தில் எல்லாரும் 'அம்மா' என்று கூப்பிடும் மூத்த பெண்மணி. செய்திக்கு விறைப்பாக ஒரு வணக்கம், பக்திக்கு உருகி ஒரு வணக்கம், காதலுக்குக் குழைந்து ஒரு வணக்கம். பங்குச் சந்தைக்கு மட்டும் கொஞ்சம் பயந்து.

"பேசப்போறது எல்லாரும் உங்க சொந்தக்காரங்களா சார்?" என்றார் அவர்.

"ஆமாம்மா. நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும்."

"இத்தனை வருஷம் எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசியாச்சு. இன்னிக்கு ஒரு மாறுதலா இருக்கட்டும் சார்."

வாங்க வந்தவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓரமாக அமர்ந்தார். முதலாளி கைபேசியை அணைத்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். "நம்ம நிலையத்துல உங்களுக்குப் பிடிச்ச காலம் எது? கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, தொலைபேசி அழைப்பு விளக்கு மின்னியது.

"செய்திக் காலம்தாம்மா" என்றது ஒரு கட்டைக் குரல். "நீங்க மழை வராதுன்னு படிச்சா, நான் குடையோடதான் கிளம்புவேன். ஒரு நாள்கூட நனைஞ்சதில்லை."

வாங்க வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி பல்லைக் கடித்தார். சொல்லியும் கேட்கவில்லையே இந்த மச்சான்! குரலை மட்டும் நன்றாக மாற்றியிருக்கிறான்.

அடுத்து ஒரு பெண். "காதல் ஆலோசனை நேரத்துல ஒரு தடவை பேசினேன்மா. அடிக்கறார், ஆனா அன்பாத்தான் இருக்கார்னு சொன்னேன். நீங்க பாட்டைப் பாதியில நிறுத்திட்டு, 'முதல்ல கதவைத் திறந்து வெளியில வாம்மா, மத்ததை அப்புறம் பேசலாம்'னீங்க. வந்துட்டேன். இன்னிக்குச் சொந்தமாத் தையல் கடை வெச்சிருக்கேன். கடையில உங்க நிலையம்தான். பங்குச் சந்தை போட்டப்பகூட நான் மாத்தலை."

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

அத்தை பொண்ணு பின்னுகிறாள் என்று முதலாளி பூரித்தார். மூக்கைக்கூடச் சிந்தவில்லை.

மூன்றாவது, தள்ளாத வயதுக் குரல். "எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா அந்தப் பக்தி நேரத்தைத் தினமும் கேட்டேன். வீட்டுல எனக்கு வணக்கம் சொல்ல வேற ஆளில்லை, அதான்."

சித்தப்பாவுக்கு வசனம் கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் வேலை செய்தது. வாங்க வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கு அணைவதாக இல்லை. அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன போட்டாலும் விடாமக் கேக்கற ஜனங்க! இவங்களுக்குப் பாட்டு எதுக்கு, பேச்சு எதுக்கு? நாளையில இருந்து முழுக்க விளம்பரம்தான். மெஷினே படிச்சுடும், அந்தம்மாவும் வேண்டாம்."

"அருமையான யோசனை சார்!" என்று கைகுலுக்கி வழியனுப்பி வைத்தார் முதலாளி. என்ன யோசனையாக இருந்தால் அவருக்கென்ன? கேட்க ஆளில்லாத நிலையத்தை ஒருவன் தலையில் கட்டியாயிற்று.

அம்மா தன் கைப்பையை எடுத்துக்கொண்டார். "அந்தத் தையல் கடைக்காரப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு சார்? அன்னிக்கு நான் சொன்னதை வார்த்தை மாறாமச் சொல்லிச்சே."

"எங்க குடும்பத்துல எல்லாருக்குமே ஞாபகசக்தி அதிகம்மா."

அம்மா படியிறங்கினார். எதிரே மூச்சிரைக்க ஏறி வந்தாள் தங்கை.

"வா, வா!" என்று இரண்டு கைகளையும் விரித்தார் முதலாளி. "அசத்திட்டீங்க! கையெழுத்தாயிடுச்சு! நம்ம குடும்பத்துல இவ்வளவு பெரிய நடிகருங்க இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே!"

"ஏண்ணா, குத்திக்காட்டறியா?" என்றாள் தங்கை அழாக்குறையாக. "உன் செல்லோ ஆஃப். நிலையத்து லைனோ ஆரம்பிச்சதுல இருந்து கடைசி வரைக்கும் பிஸி. மாத்தி மாத்தி அடிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம், எங்கள்ல ஒருத்தருக்குக்கூட லைன் கிடைக்கலையே!"