பதினொரு தாள்

"இது காட்சியா? இதுக்குப் பேரு சோம்பேறித்தனம்!"

முனகாதா எரிச்சலோடு தொகிதாவின் தாளைத் தட்டினார்.

ஒரு படத்துக்குத் திரைக்கதை எழுத, அதாமி வெந்நீர் ஊற்று விடுதியில் பத்து நாளாக அடைந்து கிடக்கிறார்கள். ஒரே காட்சியை முனகாதாவும் தொகிதாவும் தனித்தனியாக எழுத வேண்டும். பிடித்ததை டைரக்டர் இவாகி எடுத்துக்கொள்வார். அதுதான் அவர்கள் வழக்கம்.

அன்றைய காட்சி, போருக்குப் போன மகன் இறந்த செய்தி தாய்க்கு வருவது. முனகாதா பதினொரு தாள் வசனம் எழுதியிருந்தார். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

தொகிதா எழுதியது ஒரே வரி: 'தாய் மகனின் சட்டையை மடிக்கிறாள்.'

"இதுதான்" என்று இவாகி எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரியை.

"நாலு நாளா அம்மா வசனத்தையெல்லாம் வெட்டிக்கிட்டே வர்றியே, அந்த வேஷத்துல நடிக்கிற ஹனாயே அம்மா மேல உனக்கு என்னய்யா கோபம்? அந்தக் காலத்துல நீ கல்யாணம் பண்ணிக்கக் கேட்டு அவங்க மாட்டேன்னுட்டாங்களாமே, அதுவா?" என்று தொகிதாவை மடக்கினார் முனகாதா.

"முகத்துலயே எல்லாம் இருக்கு அவங்களுக்கு. வசனம் எதுக்கு?" தொகிதா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை முனகாதா ரயிலேறி ஹனாயே வீட்டுக்கே போனார். ஹனாயே ஊமைப்படக் காலத்திலிருந்து நடிப்பவர். அவரே 'இந்த வசனம் வேணும்' என்று கேட்டால் இவாகியால் மறுக்க முடியாது.

ஹனாயே தாளைப் பார்த்துப் படித்தார். முனகாதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்க்காம ஒரு தடவை சொல்லுங்கம்மா."

தாளைக் கவிழ்த்து வைத்தார். "உன் சோத்துக் கிண்ணத்தை..."

அதோடு நின்றுவிட்டார்.

"உன் சோத்துக் கிண்ணத்தை..."

விரல் தாளின் ஓரத்தைத் தேடிப் போயிற்று.

"ரெண்டு வருஷமா இப்படித்தான். எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. வெளியே தெரிஞ்சா அப்புறம் யாரு கூப்பிடுவா?" குரலைத் தாழ்த்தினார். "நல்லவேளை, இந்தப் படத்துல இதுவரைக்கும் எனக்கு வசனமே இல்லையாம். எப்படியோ அமைஞ்சுடுச்சு. தொகிதாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

முனகாதா பதினொரு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் திரும்பியபோது விடுதியில் எழுத்து வேலை கடைசிக் காட்சிக்கு வந்திருந்தது.

"எங்கய்யா போயிட்டே?" என்றார் தொகிதா.

"காத்து வாங்க."

"இங்கயாவது அம்மா நீளமா ஏதாவது பேசணும்" என்றார் இவாகி. "முனகாதா, நீங்கதான் எழுதறீங்க."

தொகிதா வாய் திறப்பதற்குள் முனகாதா சொன்னார்:

"வேண்டாம் சார். குடையை விரிச்சுக்கிட்டு நடந்து போகட்டும். முகத்துலயே எல்லாம் இருக்கு அவங்களுக்கு."